கானாடுகாத்தானில் ஒரு வாரக் களப்பணி: சூழலியல் வடிவமைப்பு மாணவர்கள் எதை முதலில் அளக்க வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பருவத்தின் முதன்மைப் பாடம் சூழலியல் வடிவமைப்பு என்பதால், பங்குனி மாதக் கடைசியில் எங்கள் வகுப்பு சிவகங்கை மாவட்டத்துக் கானாடுகாத்தானில் ஒரு வாரம் தங்கிக் களப்பணி செய்ய இருக்கிறது. நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய நகரத்தார் வீட்டை அளந்து வரைய வேண்டும். அந்த வீட்டின் வெப்பநிலை, காற்றோட்டம், மழைநீர், கழிவுநீர், கட்டுமானப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும். இவற்றை அடிப்படையாகக் கொண்டு, ஊருணி ஒன்றை ஒட்டிய தரிசு நிலத்தில் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூவேலைத் தரைக்கல்) செய்வோருக்கான பயிற்சிக் கூடம் ஒன்றை வடிவமைத்து, ஊர் திரும்பிய மறு வாரமே ஜூரி (வடிவமைப்பை மதிப்பிடும் குழு) முன் வைக்க வேண்டும்.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம் இதுதான். திங்கட்கிழமை ஊரைச் சுற்றிப் பார்த்துத் தெருக்களின் வரைபடம். செவ்வாய் வீட்டின் தரைப்படம். புதன் வெட்டுமுகங்களும் கதவு, தூண் போன்றவற்றின் நுண்படங்களும். வியாழன் காலை முதல் மாலை வரை வெப்பநிலை அளவு. வெள்ளி ஆத்தங்குடிப் பட்டறை. சனிக்கிழமை ஊருணியும் நேர்காணல்களும். இரவுகளில் அன்றன்றைய அளவுகளைக் கணினியில் வரைந்து முடிக்க வேண்டும். இடையில் கட்டமைப்புப் பாடத்தின் ஒப்படைப்பு ஒன்றும் அதே வாரம்தான் வருகிறது. கையில் வெப்பநிலையைத் தானே தொடர்ந்து பதிவு செய்யும் ஐந்து டேட்டா லாகர்களும் ஒரு லேசர் அளவுகோலும் இருக்கின்றன.

இந்தத் திட்டம் ஒரு வாரத்துக்குள் அடங்குமா என்பது என் முதல் ஐயம். இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரியது. முற்றம் வெளிச்சமும் காற்றும் தருகிறது, தடித்த சுவர் வெப்பத்தைத் தடுக்கிறது, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சான முட்டைப்பூச்சு குளிர்ச்சியாக இருக்கிறது என்று எல்லாக் கட்டுரைகளிலும் எழுதியாகிவிட்டது. அவற்றையே அளந்து உறுதிப்படுத்திவிட்டு வருவதற்கு ஒரு வாரம் எதற்கு என்று தோன்றுகிறது. எதை அளந்தால் அது எங்கள் வடிவமைப்புக்குப் பயன்படும், எதைத் துணிந்து விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: சுண்ணாம்புக்காரை

அன்புத் தங்கைக்கு வணக்கம். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். செட்டிநாட்டு ஊர்கள் சிலவற்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் திட்டத்தில் நான் முதலில் மாற்றுவது வியாழக்கிழமையைத்தான். வெப்பநிலையை ஒரு நாள் பகலில் மட்டும் அளந்தால் அந்த வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. 23 சென்டிமீட்டர் செங்கல் சுவரிலேயே வெளிப்புற வெப்பம் உள்ளே வந்து சேர ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் ஆகும். நீங்கள் பார்க்கப்போகும் சுவர்கள் அதைவிட இரு மடங்கு கனமானவை. பிற்பகலில் வாங்கிய சூட்டை அவை நள்ளிரவுக்குப் பிறகே அறைக்குள் விடும் என்னும்போது, மாலை ஆறு மணிக்குக் கருவியைக் கழற்றிக்கொண்டு போனால் பாதிக் கதைதான் கையில் இருக்கும். ஆகவே ஊருக்குள் நுழைந்த அன்றே, பெட்டியை வைத்த கையோடு லாகர்களைப் பொருத்திவிடுங்கள். பிறகு நீங்கள் தூங்கும்போதும் அவை வேலை செய்துகொண்டிருக்கும்.

ஐந்து லாகர்களையும் எங்கெங்கே வைப்பது என்பதில்தான் யோசனை தேவை. ஒன்று வெளியே, நாள் முழுதும் வெயில் படாத, ஆனால் காற்றுப் படும் இடத்தில். ஒன்று முகப்புத் திண்ணையில். ஒன்று வளவின் (முற்றத்தைச் சுற்றிய உட்கட்டின்) தாழ்வாரத்தில். ஒன்று வளவை ஒட்டிய, ஆள் புழங்காத அடைத்த அறையில். ஒன்று மேல்தளத்தில் ஓட்டுக்கு நேர் கீழே. எல்லாவற்றையும் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரில் ஒட்டிவைத்தால் அது சுவரின் வெப்பத்தைச் சொல்லுமே தவிர அறையின் காற்றைச் சொல்லாது. மேசைப் பந்தாட்டப் பந்து ஒன்றுக்கு மங்கலான கறுப்பு வண்ணம் பூசி, சிறு துளையிட்டு வெப்பமானி முனையை உள்ளே செருகினால், சுவர்களும் கூரையும் வீசும் வெப்பத்தையும் சேர்த்து அளக்கும் கருவி ஒன்று கைச்செலவில் கிடைத்துவிடும்.

அளந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்று ஜூரியில் நிச்சயம் கேட்பார்கள். 2016 ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் நம் நாட்டுக்கென்று வகுத்த தகவமைப்பு வசதி மாதிரி, அதாவது வெளி வெப்பத்துக்கு மனிதர் பழகிக்கொள்வதையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, இடம்பெற்றிருக்கிறது. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்துக்கு, வெளி வெப்பநிலையின் 30 நாள் ஓடும் சராசரியை 0.54 ஆல் பெருக்கி 12.83 ஐக் கூட்ட வேண்டும். சராசரி 32 பாகை என்றால் 30.1 பாகை வரும். அதிலிருந்து ஏறத்தாழ 2.4 பாகை கூடவோ குறையவோ இருந்தாலும் பத்தில் ஒன்பது பேர் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அந்த மாதிரியின் கணக்கு. அதாவது 32 பாகை காட்டும் தாழ்வாரத்தைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். குளிரூட்டிய அறைக்குரிய 24 பாகையை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு இந்த வீடுகளை மதிப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நீங்கள் போகும் காலத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். கானாடுகாத்தான் வடக்கு அட்சரேகை 10 பாகையை ஒட்டி இருப்பதால், பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாள்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அங்கே அந்த உச்சி வேளை கடிகாரத்தில் 12.15 மணி அளவில் வரும். முற்றத்துத் தரையில் மணிக்கொரு முறை நிழலின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நடுப்பகலில் வெயில் முற்றத்தின் அடிவரை இறங்குவதையும், சுற்றியுள்ள தாழ்வாரம் அப்போதும் நிழலில் இருப்பதையும் அந்தக் கோடுகளே காட்டிவிடும். முற்றம் குளிர்ச்சி தருகிறது என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது எனக்கு ஒப்புதலில்லை. நடுப்பகலில் அது சூடான இடம், இரவில் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுக் குளிரும் இடம், அந்தக் குளிர் விடியற்காலையில்தான் தாழ்வாரத்துக்கு வரும். உங்கள் லாகர் அதை எண்ணாகச் சொன்னால், அது யாரும் எழுதியதைத் திருப்பி எழுதுவதாகாது.

அளந்து வரைவதைப் பற்றி ஒரு சொல். வீடு முழுவதையும் வரைய நினைக்காதீர்கள். அந்த மனைகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகின்றவை. பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. முகப்பைத் திறந்துவிடும் காவல்காரர் கையில் எல்லா அறைகளின் சாவியும் இருக்காது, ஒவ்வொரு புள்ளிக்கும் (திருமணமான தனிக் குடும்பத்துக்கும்) ஓர் அறை, ஒவ்வொரு பூட்டுக்கும் சென்னையிலோ வெளிநாட்டிலோ ஓர் உரிமையாளர். தரைப்படம் ஒன்று, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளவாக்கில் ஒரு வெட்டுமுகம், இரண்டும் போதும். தூண் போதிகையும் நிலைக்கதவுச் செதுக்கலும் எத்தனையோ பேர் வரைந்துவிட்டார்கள்.

பதில் 2
எழுதியவர்: வரத்துக்கால்

கண்மாய், ஊருணிகளைச் சீரமைக்கும் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே அம்மையார் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஊருணியைச் சனிக்கிழமைக்குத் தள்ளியிருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊருணிக் கரையில் கட்டப்போகும் கட்டடத்துக்கு அந்த ஊருணியைக் கடைசி நாளில், அதுவும் நேர்காணலோடு சேர்த்துப் பார்ப்பது என்றால், வாரம் முழுவதும் சேர்த்த மற்றத் தகவல்களை எதில் பொருத்துவீர்கள்?

என் யோசனை, தண்ணீரைப் பின்தொடர்ந்து போங்கள் என்பதுதான். செட்டிநாட்டு வீட்டில் மழைநீர் நாட்டு ஓட்டுச் சரிவிலிருந்து தாழ்வாரத்து விளிம்புத் தகரக் கால்வாய்க்கு வந்து, முற்றத்தின் மூலைகளில் இருக்கும் தூம்புகள் வழியாகக் கீழே விழும். தேவைக்கு அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்துக்கொண்டது போக மிஞ்சியது முற்றத்துக் கல் வாய்க்காலில் இறங்கி, தரைக்கு அடியிலேயே தெருவுக்குப் போகும். தெருக் கால்வாய் ஊருணிக்கும், ஊருணி நிரம்பினால் அதன் போக்குக் கால் வழியாக அடுத்த நீர்நிலைக்கும் போகும். ஊரின் தெருக்கள் நேர்நேராக அமைந்திருப்பதை அழகுக்காக மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தால் அதன் காரணம் புலப்படும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர மீட்டர் கூரையில் ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 30,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதும் போக ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்தாலும் 24,000 லிட்டர். எந்த வீட்டு அண்டாவும் இதைத் தாங்காது. ஆகவே வீட்டையும் ஊருணியையும் ஒரே வடிவமைப்பின் இரு பகுதிகளாகப் பார்க்க வேண்டும். 2003 இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு ஒரு குழி என்று பேசினோம். இந்த ஊர்களைக் கட்டியவர்கள் தெருவுக்கும் ஊருக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான குழாய், அதில் நிறையத் தண்ணீர், இரண்டு பேர், ஓர் அளவு நாடா. முற்றத்து வாய்க்கால் தொடங்கி, வீட்டு வாசற்படி, தெருக் கால்வாயின் அடிமட்டம், சாலையின் நடுப்பகுதி, ஊருணி வரத்துக்காலின் (ஊருணிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயின்) வாய், ஊருணியின் உட்புறப் படி என்று தொடர்ச்சியாக மட்டம் எடுத்துக்கொண்டே போனால் ஒரு முழு நாளில் முடிந்துவிடும். கைபேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். அதில் பல மீட்டர் பிழை வரும், நமக்கு வேண்டியது விரற்கடை அளவு. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டு போவதால் சாலை உயர்ந்து கால்வாய் பள்ளமான ஊர்கள் ஏராளம். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் முளைத்தோ, சுற்றுச்சுவர் குறுக்கே வந்தோ நின்றுபோன ஊருணிகளும் உண்டு. தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை உங்கள் வெட்டுமுகம் காட்டிவிட்டால், பயிற்சிக் கூடத்தின் தரைமட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தானாகவே கிடைக்கும். பங்குனியில் கால்வாய் வறண்டிருப்பதால் அடிமட்டத்தைத் தொட்டே அளக்கலாம். இந்த வேலைக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை.

ஊருணியில் படிக்கட்டின் செம்புறாங்கல் வரிசைகளைக் கவனியுங்கள். நீர் நின்ற மட்டங்கள் கல்லில் கறையாகத் தெரியும். படியின் உயரத்தை அளந்துவிட்டால் கறை எத்தனையாவது படியில் இருக்கிறது என்பதே அளவுகோலாகிவிடும். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், மாசி தொடங்கி வைகாசி முடிய உள்ள ஏறத்தாழ 120 நாள்களில் 60 சென்டிமீட்டர் தண்ணீர் யாரும் தொடாமலேயே போய்விடும். அகலமாக வெட்டி ஆழத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பெரியவர்களிடம் பேசும்போது, ஊருணி நன்றாக இருந்ததா என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் பதில் வரும். எந்த மாதத்தில் வற்றியது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள், குடிக்க எந்த ஊருணி, குளிக்க எந்த ஊருணி, குழாய்த் தண்ணீர் வந்த பிறகு யார் அங்கே போவதை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள்.

பதில் 3
எழுதியவர்: எதிர்வாதி

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆனால் இந்த வீடுகளைச் சூழலியல் வடிவமைப்பின் முன்மாதிரியாக வைத்துத் தொடங்குவதிலேயே எனக்குத் தயக்கம் உண்டு. கேள்வி கேட்ட தாழ்வாரம் எழுப்பிய இரண்டாவது ஐயமும் ஏறத்தாழ அதுதான் என்று நினைக்கிறேன்.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை எழுந்த இந்த மாளிகைகளின் தூண்கள் பர்மாத் தேக்கு, தரை இத்தாலியப் பளிங்கு, சுவர் ஓரத்து ஓடு ஜப்பானியது, கண்ணாடி பெல்ஜியத்தது. கானாடுகாத்தானின் பேர்பெற்ற அரண்மனையை 1912 இல் கட்டி முடித்தபோது, அதில் உள்ளூர்ப் பொருள் எவ்வளவு, கப்பலில் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் நம் பாடநூல்களின் பச்சை வண்ணம் சற்று வெளுக்கும். வட்டித் தொழிலும் அரிசி வணிகமும் பர்மாவில் நடந்தவரை அந்தச் செல்வம் இங்கே கூரையாக ஏறியது. 1930 களின் பொருளாதார வீழ்ச்சியும் 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த ஊற்றை அடைத்தன. ஆண்டுக்கொரு முறை ஓடு பிரித்து மாற்றவும், சுண்ணாம்பு அடிக்கவும், மரத்துக்கு எண்ணெய் பூசவும் ஆள்கட்டு வேண்டும். அந்த ஆள்கட்டுக்குக் கூலி கொடுக்க வருமானம் இல்லாத குடும்பங்கள் வீட்டைப் பிரித்து விற்கின்றன. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய் நின்றால், தூணாகவும் நிலையாகவும் சாளரமாகவும் வீடுகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். மறுபயன்பாடு என்று பாடத்தில் எழுதுகிறோமே, அதை அங்கே நேரில் பார்க்கலாம். துக்கமான மறுபயன்பாடுதான், என்றாலும் உண்மையானது.

ஆகவே உங்கள் பயிற்சிக் கூடத்துக்கு நடுவே ஒரு முற்றத்தை வைத்து, சுற்றிலும் தூண் நிறுத்தி, செட்டிநாட்டு மரபில் என்று தலைப்பிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே நடக்கப்போகும் வேலை குடும்பம் நடத்துவது அன்று, கல் செய்வது. அதனால் வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கிய பட்டறையைச் செவ்வாய்க்கே கொண்டுவந்து, அரை நாளாவது ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடிப் பலகையைத் துடைத்து எண்ணெய் தடவுகிறார்கள். அதன்மேல் சட்டமும் பூ வடிவத் தகட்டச்சும் வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு வண்ணமாகச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி ஈரத்தை வாங்கவிட்டு, அதற்கு மேல் கலவை போட்டுக் கரணையால் தேய்த்து மட்டமாக்குகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, எடுத்துக் காயவைத்தால் கண்ணாடியிலிருந்து கல் தானே கழன்றுகொள்கிறது; அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, மெருகு இயந்திரம் கிடையாது.

சூளை இல்லை என்பதால் கரியமிலம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிமென்டின் கிளிங்கர் (அரைப்பதற்கு முன் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி) ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 0.8 டன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளியாகிறது. சுண்ணாம்பும் தூய்மையானது அன்று: 100 கிலோ சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமிலவாயுவும் கிடைக்கும், விறகோ கரியோ எரிந்தது தனிக்கணக்கு. ஆனால் சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அந்தக் கரியமிலத்தின் பெரும்பகுதியை ஆண்டுக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொண்டுதான் கல்லாகிறது. ஒரு கல்லுக்கு எவ்வளவு சிமென்ட் போகிறது என்று பட்டறையில் எடைபோட்டுப் பாருங்கள். அந்த ஓர் எண், பத்துப் பக்கக் கட்டுரையைவிடப் பயன்படும்.

எல்லாவற்றையும்விட, அந்தத் தொட்டித் தண்ணீரைப் பாருங்கள். சிமென்ட் ஊறிய நீரின் காரத்தன்மை pH அளவில் 12 ஐத் தொடும். அதைக் கொண்டுபோய் ஊருணிக் கரையில் வைக்கிறீர்கள்.

தாழ்வாரத்தின் மறுமொழி

அக்காவுக்கும் ஐயாவுக்கும் எதிர்வாதிக்கும் மிக்க நன்றி. உங்கள் மூவரின் பதில்களையும் குழுவில் உட்கார்ந்து படித்தோம். தொட்டித் தண்ணீரைப் பற்றிய வரியில் நால்வருமே ஒருகணம் பேச்சை நிறுத்திவிட்டோம். எங்களுக்குக் கொடுத்த பாடக்குறிப்பில் ஊருணி ஓர் அழகிய காட்சியாகத்தான் இருந்தது. கட்டடத்தின் முகப்பை அதை நோக்கித் திருப்ப வேண்டும் என்பது வரை யோசித்திருந்தோம், கழிவு எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறோம். சென்று சேரும் ஞாயிறு மாலையே லாகர்களை வைத்துவிட்டு, ஊரை விட்டுப் புறப்படும்போதுதான் எடுப்போம். திங்கள் முழுவதும் ஐயா சொன்னபடி முற்றத்திலிருந்து ஊருணி வரை மட்டம் எடுப்போம். செவ்வாய் பட்டறை. அடுத்த இரு நாள்களில் தரைப்படமும் நீள வெட்டுமுகமும். அந்த வெட்டுமுகத்தை வீட்டோடு நிறுத்தாமல், தெரு, கால்வாய், ஊருணி, தரிசு நிலம் என்று ஒரே தாளில் நீட்டி வரையலாம் என்று தோழி சொன்னாள், எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நேர்காணலுக்குத் தனி நாள் ஒதுக்காமல், மட்டம் எடுத்துக்கொண்டு போகும் வழியிலேயே கேட்பதாக இருக்கிறோம். தெருவில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாராவது வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். தூண், கதவு நுண்படங்களை விட்டுவிட்டோம். ஆசிரியர் இதற்கு முகம் சுளிக்கலாம், பேசிக்கொள்கிறோம். இரவுகளில் கணினி வரைபடம் வேண்டாம், அளவுப் புத்தகத்தைச் சரிபார்ப்பது மட்டும் போதும் என்றும் முடிவு செய்தோம். அப்படியானால்தான் கட்டமைப்புப் பாட ஒப்படைப்புக்கு நேரம் கிடைக்கும்.

மீதமிருக்கும் கேள்வி இரண்டு. கல் ஊறும் தொட்டியின் நீரை ஊருணிக்குப் போகவிடாமல் என்ன செய்வது? பயிற்சிக்கு வருபவர்களின் குளியல், கை கழுவும் நீரையும் அதோடு சேர்க்கலாமா?

பதில் 4
எழுதியவர்: வரத்துக்கால்

இரண்டையும் சேர்க்கக் கூடாது, மகளே. குளியல் நீரில் இருப்பது அழுக்கும் சோப்பும்; அதைத் தின்று தீர்க்க நுண்ணுயிர் வேண்டும். தொட்டி நீரில் இருப்பது காரம். அது அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும். குளியல் நீரை முதலில் படிவுத் தொட்டியில் தங்கவிட்டு, பிறகு ஜல்லி நிரப்பிய ஆழமற்ற படுகையில் கல்வாழை வைத்து அதன் வேர்ப்பகுதி வழியே மெல்லப் போகவிடுங்கள். நீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழேயே நகர வேண்டும், மேலே தேங்கினால் கொசு வந்துவிடும். வெளிவரும் நீர் தோட்டத்துக்கு. நிரம்பினாலும் ஊருணிக்குப் போகாத சரிவில் அந்தப் படுகையை அமையுங்கள். எந்தச் சரிவு என்பதை உங்கள் திங்கட்கிழமை மட்டமே சொல்லும்.

தொட்டி நீரை வெளியே விடுவதைப் பற்றி யோசிப்பதைவிட, வெளியேற்றத் தேவையே இல்லாமல் செய்வது மேல். கல் ஊறவைக்கும் தொட்டியை ஒன்றாகக் கட்டாமல் மூன்றாகத் தடுத்து, ஒன்றில் மண்டி படியும்போது மற்றதில் வேலை நடக்கும்படி வையுங்கள். தெளிந்த நீர் மறுபடியும் ஊறவைக்க உதவும். அடுத்த நாள் கலவைக்கும் அதையே சேர்க்கலாம், காரம் சிமென்டுக்குப் பகையன்று. ஆனால் பூ விழும் மேற்பரப்பின் வண்ணக் குழம்புக்கு நல்ல நீரே வேண்டும் என்று கல் செய்பவர்கள் சொன்னால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். அடியில் படியும் மண்டியைக் காயவைத்துப் பின்புறக் கலவையில் மணலோடு கலந்துவிடலாமா என்பதையும் அவர்களிடமே கேட்டு, இரண்டு கல் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். காரத்தை அளக்கும் தாள் பட்டை மருந்து வேதிப்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பட்டறைத் தொட்டி, தெருக் கால்வாய், ஊருணி மூன்றிலும் நனைத்து, நிறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 5
எழுதியவர்: சுண்ணாம்புக்காரை

ஐயா சொன்னதோடு சிறு சேர்க்கை. மூன்று தொட்டிகளுக்கும் கூரை வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் அவை நிரம்பி வழிந்து, இவ்வளவு கவனமாகத் தடுத்ததெல்லாம் ஒரே இரவில் ஊருணிக்குப் போய்ச் சேரும். அந்தக் கூரையின் மழைநீரைத் தொட்டிக்குள் விடாமல் தனிக்கால்வாயில் ஊருணிக்குக் கொண்டுபோங்கள். அது நல்ல நீர், ஊருணிக்குச் சேர வேண்டியது. கூரைக்குப் பனங்கையும் நாட்டு ஓடும் போதும், ஊரிலேயே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காயவைக்கும் முற்றத்துக்குக் கிழக்கு வெயில் போதுமா, நாள் முழுதும் வேண்டுமா என்று செவ்வாய்க்கிழமை பட்டறையில் கேட்டுவிட்டு வாருங்கள். கல் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும் என்று சிலர் நிழலையே விரும்புவார்கள், அப்படியானால் உங்கள் கட்டடத்தில் மேற்குச் சுவரின் நிழல் விழும் பக்கம் யாருக்கு என்பது மாறிவிடும்.

காவல்காரரிடம் லாகரை வைக்க அனுமதி கேட்கும்போது, அது படம் எடுக்காது, குரல் பதியாது என்று முதலிலேயே காட்டி விளக்கிவிடுங்கள். அடைத்த அறையில் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்து யாரோ அதைக் கழற்றிவைத்துவிட்டால் அந்த வாரத்து இரவுகளெல்லாம் போய்விடும்.